ஈரத்துணிக்குப் பின்னால் சரித்திரம்

நனைந்த பருத்தித் துணியில் கடற்காற்று பட்டு எழும் மணத்தை நான் வேறு எதனோடும் குழப்பிக்கொள்வதில்லை. கஞ்சி போட்ட துணியின் வாடை, எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் லேசான உவர்ப்பு, சற்றுத் தள்ளி இரைந்துகொண்டிருக்கும் ஜெனரேட்டரின் பெட்ரோல் நெடி, இந்த மூன்றும் சேர்ந்த மணம் அது. சின்ன வயதில் அந்த மணம் மூக்கில் ஏறினால், இன்னும் சற்று நேரத்தில் ராஜாக்களும் கோட்டைகளும் கப்பல்களும் எங்கள் முன்னால் வந்துவிடும் என்று பொருள். "எங்கள் முன்னால்" என்று எழுதிவிட்டேன். சரியாகச் சொன்னால், நாங்கள் அவற்றின் பின்னால் இருந்தோம்.

எங்கள் ஊர் கோட்டைப்பட்டினத்துக்கும் கட்டுமாவடிக்கும் இடையில் கடலை ஒட்டி இருக்கிறது. நான் சிறுமியாக இருந்தது நாடு விடுதலையடைந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். ஊருக்கு மின்சாரம் வரவில்லை. பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. மழைக்காலம் போக மற்ற மாதங்களில் எப்போதாவது அரசாங்கத்தின் "பப்ளிசிட்டி வண்டி" வரும். சாம்பல் நிற வண்டி, கூரையில் ஒலிபெருக்கி, பின்கதவைத் திறந்தால் உள்ளே படம் காட்டும் மெஷின். பகலில் தெருத்தெருவாகப் போய் அறிவித்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் படகுத்துறைக்குப் பக்கத்துப் பொட்டலில் வந்து நிற்கும். அது காட்டியது பாட்டும் சண்டையும் உள்ள சினிமா அல்ல, எல்லாம் "டாக்குமெண்டரி". பயிருக்கு உரம் போடுவது, அம்மை குத்திக்கொள்வது, அணை கட்டுவது என்று முதலில் கொஞ்ச நேரம் ஓடும். ஊர் அவற்றைப் பொறுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் எல்லோரும் காத்திருந்த சரித்திரப் படங்கள்: பழைய துறைமுகங்கள், குன்றின் மேல் கோட்டைகள், குகைச் சுவரில் மங்கிப்போன ஓவியங்கள், உப்பு அள்ளப் போய் அடிபட்டவர்கள்.

திரை என்பது ஒரு வெள்ளைத்துணி. அதைக் கட்டுவதற்குப் படகுக்காரர்கள் இரண்டு பாய்மரக் கம்புகளைக் கொடுப்பார்கள். வண்டி நிற்கும் பக்கம் ஆண்கள் உட்காருவார்கள். மீனவத் தெருப் பெண்களும், உள்ளே வயற்காட்டு ஊர்களிலிருந்து நடந்து வந்த பெண்களும் அதே பக்கத்தில் ஓரமாக உட்காருவார்கள். எங்கள் முஸ்லிம் தெருப் பெண்கள் மட்டும் துணிக்குப் பின்பக்கம், வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். இதை யாரும் சட்டமாகப் போட்டதில்லை. வண்டி முதன்முதல் வந்த அன்று ஆண்கள் முன்பக்கத்தை நிரப்பிவிட்டார்கள். பெண்களுக்கும் பார்க்க ஆசையாக இருந்தது. துணிக்கு இன்னொரு பக்கம் இருந்தது. அதுவே வழக்கமாகிவிட்டது.

காய்ந்த துணியில் படம் பின்பக்கத்துக்கு மங்கலாகத்தான் வரும். நனைத்தால் ஒளி ஊடுருவிப் பளிச்சென்று தெரியும். ஆகவே வண்டி வந்ததும் பெண்கள் செய்யும் முதல் வேலை, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து துணியில் வாரி அடிப்பது. ஆனால் அதிகமாக நனைத்தால் முன்பக்கம் படம் வெளிறிவிடும். ஒவ்வொரு தடவையும் ஆபரேட்டர் சாமிநாதன் வண்டிக்குள்ளிருந்து கெஞ்சுவார்.

"அம்மா, போதும்மா! தொப்பலா நனைச்சீங்கன்னா முன்னால ஒக்காந்திருக்கிறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

"தெரியலேன்னா அவங்களை இங்கிட்டு வந்து ஒக்காரச் சொல்லுங்க தம்பி!" என்று பதில் போகும். பதில் சொல்பவர் என் ஆமினா மாமி. ஆனால் அந்நிய ஆணோடு நேராகப் பேசுவது வழக்கமில்லை என்பதால், மாமி சொல்லிக்கொடுப்பதை உரக்கக் கத்தும் வாய் என்னுடையது.

ஆமினா மாமி என் அத்தாவின், அதாவது அப்பாவின், தங்கை. மாமாவுக்குக் கொழும்பில் கடை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, வாசனைச் சோப்பும் பீங்கான் கோப்பையுமாக வந்து சில மாதம் இருந்துவிட்டுப் போவார். குழந்தை இல்லை. அத்தாவின் கருவாட்டு மண்டியை ஒட்டியிருந்த எங்கள் வீட்டிலேயே மாமி இருந்தார். முப்பது வயதுக்குள் அவர் பார்த்திருந்த வெளியூர்களைச் சொல்லிவிடலாம்: கட்டுமாவடி, கல்யாணத்துக்கு ஒருமுறை; அறந்தாங்கி, பல்வலிக்கு ஒருமுறை. அப்படிப்பட்டவருக்குச் சரித்திரத்தின் மேல் இவ்வளவு பசி எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. படம் முடிந்த மறுநாள் அடுப்படியில் அவர் முழுப் படத்தையும் திரும்பச் சொல்லுவார். வர முடியாத பிள்ளைத்தாய்ச்சிகளும் புதுப்பெண்களும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். படத்தில் சொல்லாததைத்தான் அவர் அதிகம் கேட்டார். அந்தக் கோட்டைக்குக் கல் தூக்கினவங்களுக்குக் கூலி யாரு குடுத்தது? ராஜா சண்டைக்குப் போயிட்டா அரண்மனையில அரிசி அளந்து போட்டது யாரு? அடுத்த தடவை வண்டி வரும்போது நான் ஓடிப்போய் சாமிநாதனிடம் இவற்றைக் கேட்பேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அதெல்லாம் படத்துல வைக்கலியே பாப்பா" என்பார். நான் திரும்பி வந்து சொன்னால் மாமி, "வைக்கலேன்னா என்ன, நடக்காமயா இருந்திருக்கும்?" என்பார்.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மாமிக்கு அரபுத்தமிழ் தெரியும். தமிழை அரபு எழுத்தில் எழுதி வலமிருந்து இடமாகப் படிப்பது அது. பள்ளிக்கூடத்துத் தமிழெழுத்து எங்கள் தெருப் பெண்களில் அநேகருக்குத் தெரியாது. நான் தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்ததால், திரையில் வரும் எழுத்துகளை வாசித்துச் சொல்வது என் பொறுப்பு. பின்பக்கத்தில் அவை தலைகீழாக அல்ல, பக்கவாட்டில் திரும்பித் தெரியும். வரியும் வலதிலிருந்து தொடங்கி இடதுபக்கம் ஓடும். எனக்கு அது முதல் இரண்டு தடவைதான் சிரமமாக இருந்தது. அப்புறம் திரையில் எழுத்து அப்படித்தான் இருக்கும், சிலேட்டில் இப்படித்தான் இருக்கும் என்று பிரித்து வைத்துக்கொண்டேன். மாமிக்கோ அதில் வியப்பே இல்லை. "பாத்தியா, டில்லிக்காரங்களும் நம்மள மாதிரி வலது பக்கத்துலேருந்துதான் எழுதுறாங்க" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார்.

இந்த நிம்மதி கெட்டது ஒரு சத்திரத்தால். பழைய காலத்து ராஜா ஒருவர் கட்டிய சத்திரத்தைப் பற்றிய படம் அது. அந்தக் காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று காட்டுவதற்காக ஆட்களை வேஷம் போட்டு நடிக்க வைத்திருந்தார்கள். நீள வரிசையாக வாழை இலை போட்டு வழிப்போக்கர்கள் சாப்பிடுகிறார்கள்; ராஜாவும் கடைசியில் அவர்களோடு உட்கார்ந்து ஒரு கவளம் எடுத்து வாயில் வைக்கிறார். பின்பக்கத்தில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் "ச்சீ" என்றார்கள். வரிசை முழுவதும், ராஜா உட்பட, இடதுகையால் தின்றுகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் வலதுகைக்குப் பெயரே "சோத்தாங்கை". இடதுகையின் பெயர் "பீச்சாங்கை". அது எதற்கான கை என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும். இதற்கு முன்னாலும் திரையில் சில சின்னச் சந்தேகங்கள் இருந்தன. சிப்பாய்கள் இடதுகையால் சல்யூட் அடித்தார்கள். தலைவர்கள் இடதுகையைக் கொடுத்துக் கைகுலுக்கினார்கள். அதெல்லாம் டில்லி வழக்கம் என்று பெண்கள் விட்டுவிட்டார்கள். சோற்றை அப்படி விட முடியவில்லை. மாமி இரண்டு நாள் யோசித்து, அந்தக் காலத்தில் எல்லோரும் வலதுகையில் ஆயுதம் பிடித்துப் பிடித்துச் சோற்றுக்கு இடதுகை என்று ஆகியிருக்க வேண்டும் என்று ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். ஆனால் அதே ராஜா வாளையும் இடதுகையில்தான் பிடித்திருந்தார் என்று யாரோ நினைவுபடுத்த, அந்த விளக்கம் அடுப்படியிலேயே விழுந்துவிட்டது.

பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருக்க, சிறுபிள்ளைகள் செயலில் இறங்கிவிட்டார்கள். பின்பக்கத்தில் தாய்மாரின் மடியில் கிடந்து படம் பார்த்த வாண்டுகள் அவர்கள். அதில் ஒருவன் ஜமாஅத் தலைவர் காசிம் மரைக்காயரின் பேரன். அவர்கள் வீட்டில் ஒரு கல்யாண விருந்து. கட்டுமாவடிச் சம்பந்திகள் வந்திருந்தார்கள். எங்கள் வழக்கப்படி "சஹன்" என்னும் பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, அதைச் சுற்றி நாலைந்து பேராக உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். சம்பந்திக்கும் தாத்தாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த பேரன், இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்லி எல்லோரும் கைவைத்த நேரத்தில், இடதுகையை முழுசாகச் சோற்றுக்குள் விட்டான்.

"டேய், என்னடா இது?"

"ராஜா இப்படித்தான் திங்கிறாரு."

"எந்த ராஜாடா?"

"படத்து ராஜா. உம்மா மடியிலேருந்து பாத்தேன்."

அந்த சஹன் அப்படியே உள்ளே போனது. சம்பந்திகள் நல்ல மனிதர்கள், சிரித்து மழுப்பினார்கள். ஆனால் மரைக்காயருக்கு முகம் கறுத்துப்போயிற்று. விசாரித்ததில் தெருவில் இன்னும் சில பிள்ளைகளும் அதே ராஜா வேஷத்தில் இருப்பது தெரிந்தது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் வெளிமுற்றத்தில் அவர் சொல்லிவிட்டார்: பின்னால் உட்கார்ந்து பெண்கள் எதையோ பார்த்து எதையோ புரிந்துகொண்டு பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள், இனிமேல் எங்கள் தெருப் பெண்கள் படம் பார்க்கப் போக வேண்டாம். அவர் கொடியவர் அல்ல. ஊரில் எந்த வீட்டில் நோய் என்றாலும் முதலில் போய் நிற்பவர். அதனால்தான் அவர் சொன்னதை யாரும் மறுத்துப் பேசவில்லை.

அத்தா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். மாமி உலையில் போட வேண்டிய அரிசியைத் திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தார். என் அம்மா மெதுவாக, "வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ வார வண்டி. அதுவும் இல்லேன்னா இவளுக்கு என்னதான் இருக்கு?" என்று அத்தாவிடம் கேட்டார். அத்தாவுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன செய்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை காளியம்மாள் மீன் கூடையோடு கொல்லைப்புறம் வந்தார். மீனவத் தெருக்காரர், படம் என்றால் முன்பக்கத்து ஓரத்தில் முதல் ஆளாக இருப்பவர். ஊர்ப்பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது.

"ஏன் தாயி, ராசா பீச்சாங்கையில தின்னாருன்னு சொன்னியளாமே? ஒங்க கண்ணுல என்ன, சுண்ணாம்பா? சோத்தாங்கையிலதான தின்னாக!"

"அடி போடி. ஒனக்குத்தான் வயசாகிக் கண்ணு மங்கிப் போச்சு. நாங்க இத்தனை பேரு பாத்தோம்."

"எனக்கா கண்ணு மங்கிப் போச்சு? இந்தா, இந்தச் சாளை மீனுல எது நேத்துப் பிடிச்சது, எது முந்தாநாத்துப் பிடிச்சதுன்னு ஒங்களால சொல்ல முடியுமா? நாஞ் சொல்லுவேன்!"

இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் படியில் உட்கார்ந்து என் வழக்கப்படி மனசுக்குள் வரிசை போட்டுக்கொண்டிருந்தேன். எதையும் வரிசை போட்டுப் பார்ப்பது எனக்கு அப்போதே இருந்த குணம். திரையில் எழுத்து திரும்பியிருக்கும். சிப்பாய் இடதுகையால் சல்யூட் அடிப்பான். கைக்கடிகாரம் எல்லோருக்கும் வலதுகையில். பெண்களுக்கு முந்தானை வலது தோளில். ராஜாவின் வாள் இடதுகையில், சோறும் இடதுகையில். இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத அதிசயங்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். காளியம்மாள் வலதுகை என்று அடித்துச் சொன்னதும் எல்லாம் ஒரே காரணத்தில் போய் விழுந்தன. திரும்பியிருந்தது எழுத்து மட்டும் அல்ல.

அடுப்புக்கரியை எடுத்தேன். கொடியில் மாமியின் துப்பட்டி துவைத்து ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு ஆள், ஒரு இலை, வாய்க்குப் போகும் வலதுகை, இவ்வளவையும் வரைந்து முடிப்பதற்குள் மாமி பார்த்துவிட்டார்.

"அடி பாவி! கொழும்பிலேருந்து வந்த துணிடி அது! கையை ஒடிக்கிறேன் வா இங்க!"

"மாமி, அடிக்கிறதுன்னா அப்புறம் அடிங்க. மொதல்ல அங்கிட்டுப் போய் நின்னு பாருங்க."

வெயில் துணியின் என் பக்கம் விழுந்துகொண்டிருந்தது. மாமி கையோங்கியபடியே மறுபக்கம் போனார்.  பிறகு இந்தப் பக்கம் வந்து பார்த்தார். மறுபடி அந்தப் பக்கம் போனார். காளியம்மாளும் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் பின்னாலேயே போய்ப் போய் வந்தார்.

"ஏ காளியம்மா, ஒனக்குக் கண்ணு மங்கல."

"ஒங்களுக்கும் மங்கல தாயி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் மாமியின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "அப்ப இத்தனை வருசமா நான் பாத்ததெல்லாம்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அடுப்படியில் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு அவர் சொன்ன கோட்டைவாசல்களெல்லாம் எதிர்ப்பக்கத்தில் இருக்கின்றன என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அன்று மதியம் அத்தாவை நிறுத்தி மாமி துப்பட்டியைக் காட்டினார். அத்தாவுக்குப் புரிந்தது. மரைக்காயரிடமும் போய்ச் சொன்னார். மரைக்காயர் நம்பவில்லை. "ஒரே துணி, ஒரே படம். அங்கிட்டு ஒண்ணு, இங்கிட்டு ஒண்ணுமா தெரியும்? ஒந் தங்கச்சிக்காக நீ பேசுற" என்று முடித்துவிட்டார். துப்பட்டியை எடுத்துப்போய்க் காட்டலாம் என்றால், பெண்கள் போர்த்தும் துணியை ஆண்கள் கூடும் இடத்தில் விரித்துக் காட்டுவதற்கு அத்தாவுக்கே மனம் வரவில்லை.

அடுத்த தடவை வண்டி வந்தபோது திரையை யாரும் நனைக்கவில்லை. பின்பக்கப் பொட்டல் காலியாகக் கிடந்தது. நான் இன்னும் சிறுமி என்பதால் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் உட்கார என்னை விட்டார்கள். திரையில் எழுத்து நேராக வந்தது. யாருக்கும் வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை; எனக்கு அது பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது போல இருந்தது. ஒலிபெருக்கியின் சத்தம் மட்டும் எங்கள் தெருவரை கேட்கும். அம்மாவும் மாமியும் கொல்லையில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

மஃரிபு என்னும் அந்தித் தொழுகைக்குப் பிறகு தொடங்கும் படம் இஷா என்னும் இரவுத் தொழுகைக்காக நடுவில் நிற்கும். சாமிநாதன் எங்கள் ஊர் வழக்கம் அறிந்தவர். அந்த நேரத்தில் மெஷினைக் குளிரவிட்டு டீ குடிப்பார். அன்று டீயோடு அத்தாவிடம் வந்தார்.

"என்ன பாய், இன்னிக்கு யாரும் தண்ணி ஊத்தல? பின்னால ஒருத்தரையும் காணோம். ஊருல ஏதும் துக்கமா?"

அத்தா எல்லாவற்றையும் சொன்னார். சஹன் கட்டம் வந்தபோது சாமிநாதன் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார், பின்னாலிருந்த காலி இடத்தைப் பார்த்தார். "எத்தனை ஊருக்குப் போறேன், எனக்கே இது தோணலியே" என்றார். அப்புறம், "பாய், அந்தச் சத்திரத்துப் படம் வண்டியிலதான் கெடக்கு. இவங்கள்லாம் தொழுதுட்டு வாரதுக்குள்ள வண்டியைப் பின்னால கொண்டுபோய் நிறுத்திரவா?" என்று கேட்டார்.

 தொழுகைக்குப் போக வேண்டிய அத்தா பள்ளிவாசலையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரில் மரைக்காயரோடு மனஸ்தாபம் என்றால் மண்டியில் வியாபாரமே ஓடாது. கடைசியில், "எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்குப் போறேன்" என்றார். நடக்கத் தொடங்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே, "கடல் பக்கம் மணலு. கல்லுத்தரையாப் பாத்து நிறுத்துங்க, சக்கரம் எறங்கிறப் போவுது" என்றார்.

தொழுதுவிட்டு வந்த ஆண்கள் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். இருட்டில் வண்டி இடம் மாறியதைக் கவனித்தவர்கள், ஜெனரேட்டர் புகைக்காக மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் இரண்டு மூன்று படகுக்காரப் பையன்களும் துணியை நன்றாக நனைத்து வைத்திருந்தோம். படம் ஓடத் தொடங்கியது. எழுத்து வலதிலிருந்து ஓடியது. "என்னப்பா இது, எழுத்து பின்னிக்கிட்டுப் போவுது" என்று ஒருவர் சொன்னார். சல்யூட் வந்தது. வாள் வந்தது. பிறகு சத்திரத்து வரிசை வந்தது. இலை இலையாக இடதுகைகள் எழுந்து வாய்க்குப் போயின.

"அஸ்தஃபிருல்லாஹ்!" என்று முதல் குரல் மரைக்காயருடையது. "ஏய், நிறுத்து! என்ன படம்டா போடுற?"

ஒலிபெருக்கியில் சாமிநாதனின் குரல் பணிவாக வந்தது: "கோவிச்சுக்காதீங்க ஐயா. போன தடவை போட்ட அதே படம்தாங்க. ஒங்க வீட்டு அம்மாமார் ஒக்காந்து பாக்குற பக்கத்துலேருந்து இன்னிக்கு நீங்க பாக்குறீங்க. அவ்வளவுதாங்க."

  மீனவத் தெருப் பக்கமிருந்து காளியம்மாள் அடக்க முடியாமல் சிரித்தது கேட்டது. மரைக்காயர் எழுந்து துணிக்கருகே நடந்து போனார். இந்தப் பக்கம் நின்று பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். அன்றைக்குக் கொல்லையில் துப்பட்டியைச் சுற்றி மாமி நடந்த அதே நடை. திரும்பி வந்து நின்றார். வயதானவர் எல்லோர் முன்னாலும் தோற்றுப்போய் நிற்பதைப் பார்க்க எனக்கு அப்போது பயமாகவும் பாவமாகவும் இருந்தது.

"நம்ம பொம்பளைங்க இதையா இத்தனை நாளும் பாத்துக்கிட்டு இருந்தாங்க?" என்றார். பிறகு அத்தாவைப் பார்த்து, "போய்க் கூட்டிட்டு வாங்கய்யா. அந்தப் பக்கம் ஒக்காரட்டும். இன்னிக்கு நாம இப்படியே பாத்துக்குவோம்" என்றார்.

நான் அத்தாவுக்கு முன்னால் ஓடினேன். மாமி துப்பட்டியைக்கூட நடந்துகொண்டேதான் போர்த்தினார். பெண்கள் வந்து வண்டியின் பக்கம் உட்கார்ந்தார்கள். சாமிநாதன் வண்டிக் கதவை ஒளி போகும் அளவுக்கு மட்டும் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார். மெஷினின் ஒளி மட்டும் அவர்கள் தலைக்குமேல் போயிற்று. படத்தை முதலிலிருந்து போட்டார். முதன்முறையாக எங்கள் தெருப் பெண்கள் சரித்திரத்தை நேராகப் பார்த்தார்கள். ராஜா வலதுகையால் கவளத்தை எடுத்தபோது பெண்கள் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பியது. நான் மாமியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகிழ்ச்சியை எதிர்பார்த்தேன். அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, தெரிந்த வீட்டில் சாமான்களை யாரோ இடம் மாற்றி வைத்துவிட்டதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொகமே வேற மாதிரி இருக்குடி. நான் பாத்த ராஜா இவரு இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இவரையும் பாத்து வச்சுக்குவோம்" என்றார்.

தடை அன்றோடு போயிற்று. ஆனால் அடுத்த தடவை வண்டி பழையபடி ஆண்கள் பக்கத்திலேயே நின்றது. ஒரு தடவை அங்கிட்டு, ஒரு தடவை இங்கிட்டு என்று வைத்துக்கொள்ளலாமே என்று மாமி அத்தா மூலமாகக் கேட்டுவிட்டார். மரைக்காயர், "பாக்க வேண்டாம்னு நான் சொல்லலியே. இனிமே வெவரம் தெரிஞ்சு பாக்கட்டும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே போனார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: மறுநாள் அடுப்படியில் மாமி படம் சொல்லும்போது ஒவ்வொன்றையும் மனசுக்குள் திருப்பிப்போட்டு, நேராக்கிச் சொல்லப் பழகிக்கொண்டார். பிள்ளைகளை மட்டும் முன்பக்கம் அனுப்பிவிடுவார்கள்.

இதெல்லாம் நடந்து அப்படியொன்றும் நெடுங்காலம் ஆகிவிடவில்லை. ஆனால் அந்தப் பொட்டலில் இப்போது விசைப்படகுக்காரர்களின் ஐஸ் கிடங்கு நிற்கிறது. பப்ளிசிட்டி வண்டி எங்கள் ஊருக்கு வருவதில்லை. பக்கத்தில் டூரிங் டாக்கீஸ் வந்துவிட்டது. அங்கே பெண்களுக்குத் தனித் தடுப்பு உண்டு, ஆனால் திரைக்கு முன்பக்கம்தான். அங்கே ஓடுவதெல்லாம் கதைப்படம். கோட்டைக்குக் கல் தூக்கியவர்களைப் பற்றிக் கேட்பதற்கு அங்கே இடமும் இல்லை, பதில் தெரியாமல் தலையைச் சொறிய ஒரு சாமிநாதனும் இல்லை. துணியை நனைக்கும் வேலையே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நான் பாலிடெக்னிக்கில் படித்து, ஒரு பொறியியல் அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒளி ஊடுருவும் தாளில் வரைந்ததைப் பின்பக்கமாக வைத்து நகலெடுத்துவிட்டால் எல்லோருக்கும் முன்னால் அதை நான்தான் கண்டுபிடிப்பேன். எப்படி என்று கேட்பவர்களுக்குப் பழக்கம் என்று மட்டும் சொல்லி வைப்பேன்.

சென்ற பெருநாளுக்கு ஊருக்குப் போனபோது மாமியிடம் டெலிவிஷனைப் பற்றிச் சொன்னேன். டில்லியில் வந்துவிட்டது, ரேடியோ போல ஒரு பெட்டி, அதிலேயே படமும் தெரியும், ஊர்ப் பொது இடங்களில் வைத்து எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுகிறார்களாம், சரித்திரமும் விஞ்ஞானமும் வருமாம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். மாமி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"அதுல பொம்பளைங்க எங்கிட்டு ஒக்காருவாங்க?"

"அதுக்குப் பின்பக்கமே கெடையாது மாமி. பின்னால வெறும் மரப்பலகையும் ஒயருந்தான். கண்ணாடி ஒரு பக்கம்தான் இருக்கும். பாக்கணும்னா எல்லாரும் முன்னாலதான் ஒக்காரணும்."

மாமி கீரையை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப நம்மள விட மாட்டாங்களேடி" என்றார்.

 நான் படித்த படிப்பில் அந்தப் பெட்டியின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்ல முடியும். பெண்களை விடுவார்களா என்று சொல்ல முடியவில்லை. மாமி கீரைத்தண்டை விரலில் சுற்றினார்.

"சரி. நம்ம ஊருக்கு அது வந்தா, நீ மொதல்ல போய் ஒக்காரு. படிச்ச புள்ள, ஒன்னை எழுப்பிவிட யோசிப்பாங்க" என்றார். "பக்கத்துல எனக்கு ஒரு எடம் போட்டு வை. நான் பின்னாலயே வாரேன்."